சங்கத்தை நடத்திய அக்கா

பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மையத்தின் தொலைபேசியில் ஒருநாள் அக்காவின் கணவரே கூப்பிட்டு, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். எடுத்தவர், "நீங்க யார் பேசறது?" என்றதும் ஒரு நொடி தடுமாறிவிட்டு, "அவங்க வீட்டுக்காரர்" என்றார். அன்று முழுவதும் மையத்தில் இதே பேச்சு, இதே சிரிப்பு. வேறு என்ன செய்வார் அந்த மனிதர்? மனைவியின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வைத்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு வயதில் டைப்பிஸ்டாக அங்கே சேர்ந்தவர் அக்கா. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குச் சூடு ஆகாது என்று இராப்பகலாகக் குளிர்காற்று ஊதிக்கொண்டிருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு டைப்ரைட்டர், ஒரு மேசை விசிறி, ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. அக்காவின் அறை அவ்வளவுதான். பக்கத்து அறையில் நான்கு பெண்கள், இயந்திரத்துக்குப் புரியும்படி அட்டைகளில் துளை போடுவார்கள். எல்லாரும் அவரைவிட ஓரிரு வயது இளையவர்கள். அவர்கள்தான் முதலில் அக்கா என்றார்கள். அது அப்படியே மையம் முழுவதும் தொற்றிக்கொண்டது. தலை வழுக்கையான பேராசிரியர்கூட, "அக்கா, இதைக் கொஞ்சம் அடிச்சுக் கொடுத்துடுங்க" என்று வாசலில் வந்து நிற்பார்.

மையத்தில் பெரிய தலைகள் இரண்டு. ஒருவர் கணிதத்துறைக்காரர், எல்லாருக்கும் அவர் 'கணக்கு சார்'. நெட்டை ஆள். கதவைத் தாண்டும்போதெல்லாம் குனிவார், குனியத் தேவையில்லாத கதவிலும் குனிவார். இன்னொருவர் மொழியியல் படித்த 'இலக்கண அம்மா'. உருவத்தில் சிறியவர், நடையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். ஒரு மொழியில் எழுதியதைக் கம்ப்யூட்டர் தானாகவே இன்னொரு மொழிக்கு மாற்றித் தரவேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான கனவு.

அக்கா சேர்ந்த மூன்றாம் ஆண்டு, இதே கனவு கண்டுகொண்டிருந்த வேறு ஊர்க்காரர்கள் சிலர் இரண்டு நாள் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்தது, ஆனால் ஊருக்குத் திரும்பும் ரயில் தாமதம். கேன்டீனில் தேநீருக்குமேல் தேநீராகக் குடித்துக்கொண்டிருந்தபோது, "நாம செய்யறது அவங்களுக்குத் தெரியல, அவங்க செய்யறது நமக்குத் தெரியல. ஒரு சங்கம் வெச்சா என்ன?" என்று யாரோ ஆரம்பித்தார்கள். ரயில் நேரத்தைக் கேட்டுச் சொல்ல வந்த அக்காவை உட்காரவைத்து, "இதையெல்லாம் குறிச்சுக்கோங்க" என்றார் கணக்கு சார். கையில் தாள் இல்லை. துளை தப்பாக விழுந்து கழித்துப்போட்ட அட்டைகளின் பின்புறத்தில் எழுதினார். இயந்திர மொழிபெயர்ப்புச் சங்கம் அப்படித்தான் பிறந்தது.

தலைவர் பதவிக்கு மூன்று பேர் ஆசைப்பட்டார்கள். செயலாளர் யார் என்று வந்ததும் எல்லாருக்கும் திடீரென்று கூரையில் ஏதோ தெரிய ஆரம்பித்துவிட்டது.

"அக்காவே இருக்கட்டுமே" என்றார் கணக்கு சார். "நம்மள்ல எழுத்துப்பிழை விடாத ஒரே ஆள் அவங்கதான்."

"எழுத்துப்பிழையா?" என்று இலக்கண அம்மா சீறினார். "போன மாசம் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பினாங்க. ஒரு வாக்கியம் பாதியிலேயே நிக்குதாம். இலக்கணம் சொல்லித் தர்ற எனக்கே!"

"நிஜமாவே நின்னுதா?" என்று ஒருவர் கேட்டார்.

"நின்னுது. அதனாலதான் சொல்றேன், அவங்களே இருக்கட்டும்."

வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது நாத்தனார் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவர், வாயாடி. "என்ன சங்கம் அண்ணி அது?"

"மெஷினுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிற சங்கம்."

"முதல்ல எங்க அண்ணனுக்குச் சொல்லிக்கொடுங்க. வேலை முடிஞ்சு வந்தா வாயையே திறக்கறதில்ல."

அண்ணன் என்று சொல்லப்பட்டவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

செயலாளர் வேலை என்றால் பெயருக்கு இருப்பது என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அக்கா அப்படி நினைக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் அட்டை எழுதி, அதில் முகவரியோடு அவர் என்ன ஆராய்கிறார் என்பதையும் குறித்துவைத்தார். மாதம் ஒரு செய்திமடல் அடித்தார். ஒலிகளைக் குறிக்கும் விசித்திரமான எழுத்துகள் டைப்ரைட்டரில் இருக்காது. அவற்றுக்கு இடம் விட்டு அடித்து, பிறகு மெல்லிய பேனாவால் ஒவ்வொன்றாக வரைவார். அச்சில் வந்தது என்றே பலர் நம்பினார்கள். வெளியாட்களிடமிருந்து வரும் கடிதங்களுக்கும் அவரேதான் பதில் போட்டார். தெரிந்ததை எழுதுவார், தெரியாததை யாரிடமாவது கேட்டு எழுதுவார். பதில் போகாத கடிதம் எதுவும் அவர் மேசையில் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை.

சங்கத்துக்கு ஆறு வயதானபோது இடி விழுந்தது. மொழிபெயர்க்கும் இயந்திரம் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பலன் இல்லை, இனி இதற்கு ஆதரவு வேண்டாம் என்பதுதான் சாரம். அந்த வாரமே இரண்டு ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன. விலகல் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. அக்கா ஒவ்வோர் அட்டையாக எடுத்து வேறு பெட்டியில் போட்டார். கிழித்துப் போட மனம் வரவில்லை.

தலைவர் ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டினார். பேசவேண்டியது ஒன்றே ஒன்று: சங்கத்தைக் கலைப்பது. அறுபது நாற்காலி போட்ட அறைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். கணக்கு சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வாக்கெடுப்புக்குத் தலைவர் எழுந்தபோது, குறிப்பு எழுத வந்திருந்த அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்."

வெளியே போனவர் மூன்று பெரிய பெட்டிக்கோப்புகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"என்ன அக்கா இது?"

"கடிதம் சார். இந்த ஆறு வருஷத்துல வெளியாளுங்க நமக்கு எழுதினது. முன்னூத்திப் பன்னண்டு. எல்லாத்துக்கும் பதில் போயாச்சு. ஆனா உங்கள்ல யாரும் இதைப் படிச்சதில்ல. சங்கத்தை மூடறதுக்கு முன்னாடி ஒருதடவை பார்த்துடுங்கன்னுதான்."

யாரும் கை நீட்டாததால் அக்காவே ஒன்றை உருவிப் படித்தார். அகராதி தொகுக்கும் ஒருவர் எழுதியது. ஒரு சொல்லை மக்கள் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று லட்சம் பக்கங்களில் தேடித் தர இயந்திரத்தால் முடியுமா என்று கேட்டிருந்தார். அடுத்தது காது கேளாத குழந்தைகளின் ஆசிரியை. குழந்தைகள் எழுதும் வாக்கியத்தில் பிழை எங்கே என்று இயந்திரம் காட்டுமா? அடுத்தது ஒரு நூலகர். அதற்கடுத்தது ஒரு மருத்துவர். பக்கவாதம் வந்து பேச்சு குழறியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார், எந்தச் சொற்கள் முதலில் தொலைகின்றன என்று அவருக்குத் தெரியவேண்டும்.

"முன்னூத்திப் பன்னண்டுல மொழிபெயர்ப்பு கேக்கறது நாப்பத்தொண்ணுதான்" என்றார் அக்கா. "பாக்கி அத்தனை பேரும் மொழியையும் மெஷினையும் வெச்சு வேற என்னென்னவோ கேக்கறாங்க. நாமதான் பேர்ல மொழிபெயர்ப்புன்னு போட்டுக்கிட்டோம். அடி விழுந்தது அந்தப் பேருக்கு சார். அதுக்காக இவங்களுக்கெல்லாம் கதவைச் சாத்தணுமா?"

படபடவென்று பேசிவிட்டுப் பென்சிலை மறுபடி எடுத்தார். பெயருக்குச் செயலாளரான ஒரு டைப்பிஸ்ட் பேராசிரியர்கள் கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் மூலைக்கொருவராக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மேசைப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். இலக்கண அம்மா அந்த மருத்துவரின் கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார். கணக்கு சார் நூலகரின் கடிதத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அக்கா கேட்டு வாங்கிக் கோப்பில் திரும்பச் சேர்த்தார்.

வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. மாலைக்குள் சங்கத்தின் பெயர் 'கணினி மொழியியல் சங்கம்' என்று மாறியது. கூட்டக் குறிப்பில் அக்கா எழுதியது ஒரே வரி: "வந்த கடிதங்கள் உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன." வைத்தது யார் என்று அதில் இல்லை.

சங்கம் பிழைத்தது, ஆனால் இளைத்துப்போயிருந்தது. கட்டுரைகள் வரும் ஆய்விதழை அச்சிட வழியில்லாமல், பக்கங்களைப் படம் பிடித்துச் சுருக்கி, உள்ளங்கையளவு பிலிம் தாளில் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு தாளில் நூறு பக்கம். "எறும்புக்கு நடத்துற பத்திரிகையா அண்ணி?" என்றார் நாத்தனார். படிக்க ஒரு கருவி வேண்டும், அது எல்லாரிடமும் இல்லை. குறை சொல்லி வந்த கடிதங்களை அக்கா வீட்டில் படித்துக்காட்டியபோது கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்து, கடையில் கழித்துப்போட்ட இரண்டு லென்ஸ்களை ஒரு மரப்பெட்டியில் பொருத்திக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விளக்குக்கு நேரே பிடித்தால் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இப்படி நாற்பது பெட்டிகள் செய்து கொடுத்தார். அக்கா அவற்றைத் தூர ஊர்களுக்குத் தபாலில் அனுப்பினார்.

அவரும் தப்பு செய்யாதவர் இல்லை. ஒருமுறை ஆண்டுக் கூட்டத்தின் தேதியை ஒருநாள் முன்னதாக அடித்துவிட்டார். விடுதி அறைகள் மறுநாளிலிருந்துதான். பதினாறு பேர் பெட்டியோடு வந்து நின்றார்கள். தப்பை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, "முன்னாடி வந்தவங்களுக்கு எங்க வீட்ல விருந்து" என்று அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போனார் அக்கா. கூடத்திலும் மாடிப்படியிலும் உட்கார்ந்து வேற்றுமை உருபுகளைப் பற்றி விவாதித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தவர்களை நாத்தனார் ஒரு பார்வை பார்த்தார். "அண்ணி, இவங்கள்ல யாராவது பாத்திரம் கழுவுவாங்களா, இல்ல எல்லாருமே ஆராய்ச்சிதானா?" கணக்கு சார் குனிந்தபடி சமையலறைக்குள் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அந்தக் கணக்கு சாருக்கும் இலக்கண அம்மாவுக்கும்தான் பிறகு பேச்சுவார்த்தை நின்றது. ஒரு பொதுச் சொற்பொழிவில் சார், "குழந்தைக்கு யார் விதி சொல்லிக் கொடுத்தா? ஆயிரம் தடவை கேட்டு, எது எதோட வருதுன்னு மனசுல எண்ணித்தானே பேசுது? மெஷினும் எண்ணட்டும், இலக்கணம் எதுக்கு?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த அம்மா எழுந்து, "எண்ண மட்டும் தெரிஞ்சவருக்கு எல்லாமே எண்ணிக்கைதான்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அவ்வளவுதான். ஒரே அறையில் நடுவே புத்தக அலமாரி வைத்து ஆளுக்குப் பாதியாக இருந்தவர்கள் ஒன்பது ஆண்டுகள் அக்கா வழியாகவே பேசிக்கொண்டார்கள். "அக்கா, ஜன்னலைச் சாத்தலாமான்னு கேளுங்க." "அக்கா, சாத்தினா மூச்சு முட்டும்னு சொல்லுங்க."

சங்கமும் இரண்டாகப் பிளந்தது. எண்ணும் கட்சி, விதிக் கட்சி. ஆண்டுக் கூட்டத்துக்கு வரும் கட்டுரைகளை ஒன்பது பேர் பங்கு பிரித்துப் படித்துத் தேர்ந்தெடுப்பார்கள். கட்டுரையின் தலைப்பில் உள்ள பெயரைப் பார்த்தவுடனே பேனா எந்தப் பக்கம் சாயும் என்று அக்காவால் சொல்லிவிட முடியும். ஒருமுறை பெயர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் அனுப்பிய கட்டுரை வந்தது. படிப்பவர்களுக்காக நகல் அடிக்கும்போதே அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. முப்பது வார்த்தையில் சொல்லக்கூடியதை முப்பது வார்த்தையிலேயே சொல்லியிருந்தார். எந்தக் கட்சியிலும் இல்லாதவர் என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 'வருந்துகிறோம்' என்ற கடிதத்தை அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பும்போது அக்காவுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

மறு ஆண்டு அவர் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் பெயரும் ஊரும் இருந்த இடத்தில் பழுப்புத் தாளை நறுக்கி ஒட்டி, நகல் எடுத்து, மேலே ஓர் எண்ணை மட்டும் போட்டார். எந்த எண் யாருடையது என்ற ஏடு அவர் இழுப்பறையில் பூட்டப்பட்டது. படிப்பவர்களுக்குப் போன குறிப்பில், "இந்த ஆண்டு கட்டுரைகள் எண்ணால் மட்டும் குறிக்கப்படும்" என்று இருந்தது. அலுவலக வசதிக்காக இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

நிகழ்ச்சிநிரல் அச்சாகி வந்த அன்று இலக்கண அம்மா அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அக்காவின் அறைக்குள் வந்தார்.

"இருபத்தேழாம் கட்டுரை யாரோடது?"

"அச்சுல இருக்கறவரோடதுதாம்மா."

"அலமாரிக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆளோடதா?"

"ஆமாம்மா."

அம்மாவின் முகம் சிவந்தது. இருபத்தேழாம் கட்டுரைக்கு அவர் முழு மதிப்பெண் போட்டிருந்தார். "பல ஆண்டுகளுக்குப் பிறகு மொழியை மதிக்கத் தெரிந்த ஒருவரின் எழுத்து" என்று அடியில் எழுதியும் இருந்தார். வினைச்சொற்களை அம்மா முன்பு தன் புத்தகத்தில் வகைப்படுத்திய முறையை எடுத்து, அதன்மேல் எண்ணிக்கையைக் கட்டியிருந்த கட்டுரை அது. எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் தன் புத்தகத்தை இவ்வளவு ஊன்றிப் படித்திருக்கிறாரே என்று மனதுக்குள் பூரித்துப்போயிருந்தார்.

"தெரிஞ்சே எனக்கு அனுப்பினீங்க."

"வரிசைப்படி அனுப்பினேம்மா. ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு உங்களுக்கு. ஏட்டைப் பார்க்கறீங்களா?"

"வேண்டாம். நான் எழுதினதை மாத்தணும்."

"பேரைப் பார்க்காம எழுதினதைப் பேரைப் பார்த்துட்டு மாத்துவீங்களாம்மா?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணி இருக்கா?" என்று கேட்டு வாங்கி முழு டம்ளரையும் குடித்தார். பிறகு எழுந்து நேரே தன் அறைக்குப் போய், புத்தக அலமாரியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றார்.

"மூணாம் பக்கத்துல உங்க கணக்கு தப்பு."

கணக்கு சார் அவசரமாக எழுந்ததில் விளக்கில் தலை இடித்தது. "எந்தக் கணக்கு?"

இரண்டு மணி நேரம் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். சுவரைத் தாண்டி வந்த சத்தத்தைக் கேட்டபடியே அக்கா டைப் அடித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் தான் கேட்ட சண்டைகளிலேயே நல்ல சண்டை அதுதான் என்று பின்னாளில் சொல்வார். அம்மா சுட்டிக்காட்டிய கணக்கு உண்மையிலேயே தப்புதான். சார் திருத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஆனால் பொதுக்குழுவில் அக்காவை விடவில்லை. அனுமதி இல்லாமல் செயலாளர் எப்படிப் பெயரை மறைக்கலாம் என்று இரண்டு கட்சியிலும் மூத்தவர்கள் கொதித்தார்கள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். அக்கா எழுந்தார்.

"கேக்காம செஞ்சது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். அடுத்த வருஷமும் மறைக்கணும்னு நினைக்கறேன். அதனால இப்பவே அனுமதி கேக்கறேன்."

எங்கோ ஓர் ஓரத்தில் சிரிப்பு கிளம்பி அறை முழுவதும் பரவியது. முதலில் உயர்ந்த கை இலக்கண அம்மாவுடையது, அடுத்தது கணக்கு சாருடையது. அன்றிலிருந்து அந்தச் சங்கத்தில் பெயர் மறைத்துப் படிப்பதே விதி. சின்னக் கல்லூரிப் பெண் மறுபடி அனுப்பிய கட்டுரையும் அந்த ஆண்டு எண்ணோடு போய்த் தேர்வாகியிருந்தது. மேடையில் நின்று அதை வாசித்த அந்தப் பெண், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சங்கத்தின் தலைவரானார்.

அக்கா முப்பத்தைந்து ஆண்டுகள் செயலாளராக இருந்தார். ஆறு டைப்ரைட்டர்கள் தேய்ந்தன, பிறகு கம்ப்யூட்டரே மேசைக்கு வந்தது. இடையில் கணவர் மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து காலமானார். ஒரே ஒரு மாதச் செய்திமடல் மட்டும் வரவில்லை. அதற்கடுத்த மடலில் தாமதத்துக்கு வருந்தி இரண்டு வரி எழுதியிருந்தார், காரணம் எழுதவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு, கணவர் செய்துகொடுத்த மரப்பெட்டி இன்னும் தங்களிடம் இருக்கிறது என்று முப்பத்தொரு பேர் எழுதினார்கள். அந்தக் கடிதங்களுக்கு மட்டும் அக்கா ஒரு வாரத்துக்குள் பதில் போடவில்லை. ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, கையாலேயே எழுதி அனுப்பினார்.

அறுபதாம் வயதில் ஓய்வுபெற்றபோது உறுப்பினர்கள் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். அவர் பார்த்த வேலைக்கு நான்கு பேரை நியமித்தார்கள். அந்த நால்வரும் முதல் மாதம் தினமும் போன் செய்தார்கள், இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாம் மாதம் அக்கா தானாகவே எண்ணை மாற்றிக்கொண்டார். "கத்துக்கட்டும். நான் யாரைக் கேட்டுக் கத்துக்கிட்டேன்?" என்றார் நாத்தனாரிடம்.

அறுபத்து மூன்றில் நீச்சல் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "உக்கார்ந்து உக்கார்ந்து இடுப்பு போச்சு" என்றார். நகராட்சி நீச்சல்குளத்தில் காலை ஏழு மணிக்குப் பெண்களுக்கான நேரம். துணைக்கு இலக்கண அம்மாவும் வருவார், எழுபத்தைந்து வயதில் கைத்தடியோடு. தண்ணீரில் இறங்கமாட்டார். குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு உத்தரவு போடுவார்.

"முட்டியை மடக்காதீங்க அக்கா! மூச்சைத் தண்ணிக்குள்ள விடணும். கையை முதல்ல நீட்டுங்க, அப்புறம்தான் இழுக்கணும்!"

பாதிக் குளத்தில் நின்று மூச்சு வாங்கிய அக்கா திரும்பிப் பார்த்தார். "நீங்க இறங்கி ஒருதடவை நீந்திக் காட்டுங்களேம்மா."

"எனக்கு எங்க நீச்சல் தெரியும்? விதி மட்டும்தான் தெரியும்."

அக்கா சிரித்ததில் தண்ணீரைக் குடித்துவிட்டார். இருமி முடித்து, கம்பியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபடி கையை நீட்டினார். அந்த மாதக் கடைசியில் குளத்தின் நீளம் முழுவதையும் நிற்காமல் கடந்தார்.